மெயின்டெய்னர் பதிலே போடலை

...இல்ல, எனக்கு இது ஒண்ணுதான் புரியலை. நேத்திக்கு இருந்தது. காலம்பற வரைக்கும் இருந்தது. அப்கிரேட் பண்ணினேன், இல்லை. போயிடுத்து! எங்கேன்னு மிஷினைக் கேட்டா, அப்படி ஒரு பேக்கேஜே கிடையாதுங்கறது. கிடையாதாமே! நேத்து சாயங்காலம் வரைக்கும் எங்காத்துல வாய் ஓயாம பேசிண்டிருந்த பேக்கேஜ் சார் அது... கொஞ்சம் நகர்ந்து ஒக்காருங்கோ, இந்தப் பக்கம் வெயில் நேரா மூஞ்சியில அடிக்கறது. ஆங், போதும், போதும்.

லேப்டாப் பைதானே அது? அதான் பார்த்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறினப்பவே பார்த்துட்டேன். கம்ப்யூட்டர் தெரிஞ்ச மனுஷா பக்கத்துல ஒக்காந்தா ரெண்டு வார்த்தை பேசலாமேன்னுதான் முன்னாடி காலியா இருந்த ஜன்னல் சீட்டை விட்டுட்டு இங்கே வந்தேன்... என்னது? டிபன் பாக்ஸா? உள்ளே டிபன் பாக்ஸ் மட்டும்தானா? கம்ப்யூட்டர் இல்லையா? ...ஓ. சரி, பரவாயில்லை. ஒக்காந்தாச்சு, இனிமே எழுந்து போனா நன்னா இருக்காது. என்ன வேலை பாக்கறேள்? வாழைக்கா மண்டியா! நல்லது. பேரு? பாலு. நான் ஸ்ரீனிவாசராகவன். சர்க்கார் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல இருந்து ரிட்டையர் ஆனவன். ஸ்ரீரங்கம், அம்மா மண்டபம் ரோடு. இப்போ கைலாசபுரம் போயிட்டு வரேன், ஒரு நியாயம் கேக்கறதுக்கு. கிடைக்கலை.

பஸ் ஏன் நிக்கறது? கண்டக்டர்! என்னப்பா ஆச்சு? ...கேட்டேளா, காவேரிப் பாலத்து நடுவுல ஏதோ லாரி அச்சு முறிஞ்சு நிக்கறதாம். இழுக்கறதுக்கு வண்டி வரணுமாம். இன்னிக்குன்னு பார்த்து! சாயங்காலத்துக்குள்ள நான் ஆத்துக்குப் போயாகணும். சாயங்காலத்துக்குள்ள அந்தக் குரல் திரும்பி வந்தாகணும். இல்லேன்னா என் ஆத்துக்காரி மூஞ்சியில நான் முழிக்க முடியாது.

என்ன குரலா? சொல்றேன். மொதல்லேர்ந்து சொன்னாத்தான் புரியும், உங்களுக்கும் எறங்கறதுக்கு வழி இல்லை.

எங்காத்துல, பேரு வத்ஸலா, ஹிஸ்டரி டீச்சரா இருந்தவ. கண்ணுல பிரஷர். க்ளுக்கோமான்னு பேரு. ஓரத்துலேர்ந்து இருட்டு வந்துண்டே இருந்து, இப்போ நடுவுல ஏதோ ஒரு சின்ன வட்டம் மட்டும் தெரியும்கறா. அதுவும் மங்கல். பேப்பரு, புஸ்தகம், ஃபோன்ல வர்ற மெசேஜு, எல்லாம் அவளுக்குக் காதாலதான். கம்ப்யூட்டர் படிச்சுக் காட்டும், இவ கேப்பா. தமிழ்ல படிக்கும் சார்! நன்னா படிக்கும். யாரோ ஒரு பொண்ணு குடுத்த குரல். மொதல்ல கேட்டா ரேஷன் கடையில பேர் கூப்பிடறாப்பல இருக்கும், ஆனா பழகிட்டா அதை விட்டா வேற ஒண்ணும் பிடிக்காது. கம்ப்யூட்டருக்குள்ள போட்டுக்கற ஒவ்வொரு சாமானுக்கும் பேக்கேஜ்னு பேரு, அந்தக் குரல்தான் அந்தப் பேக்கேஜ். அதுதான் காணோம்.

காலம்பற என்ன ஆச்சுன்னா, நான் அப்கிரேட் பண்ணிட்டு, ஈரத்துணி உலர்த்தறதுக்குப் போயிட்டேன். இவ வந்து ஒக்காந்து, ஹெட்ஃபோனை மாட்டிண்டு, கீயை அமுக்கறா, ஒண்ணும் கேக்கலை. மறுபடி அமுக்கறா. ஒண்ணும் இல்லை. வால்யூமை ஏத்தறா. இல்லை. என்னைக் கூப்பிட்டா. எப்படிக் கூப்பிட்டாங்கறேள்? கத்தலை. மெதுவா, "ஏன்னா, இங்க வந்து ஏதாவது பேசுங்கோ"ன்னா. என்னத்தைப் பேசறதுன்னேன். "எதையாவது பேசுங்கோ"ன்னா. நான் கொடியில எடம் இல்லை, பக்கத்து ஃப்ளாட்காரா பெட்ஷீட்டை எங்க கொடியில போட்டுட்டான்னு சொன்னேன். கேட்டுட்டு, "அப்பாடா, காது இருக்கு"ன்னா.

பாருங்கோ. கண்ணோட சேர்ந்து காதும் போயிடுத்தோன்னு பயந்துட்டா. நாற்பது வருஷத்துல நான் பேசினதைக் கேட்டு அவ சந்தோஷப்பட்டது அதுதான் மொதல் தடவைன்னு வெச்சுக்கோங்கோ, அது வேற விஷயம்.

தூங்கறேளா? கண்ணை மூடிண்டே கேளுங்கோ, எனக்கு ஆட்சேபணை இல்லை.

இன்னிக்கு ஏன் அவசரம்னா, லூர்துராணின்னு ஒரு டீச்சர். கண்ணு தெரியாத பொண்ணுங்க படிக்கற ஹாஸ்டல்ல இருக்கா. வத்ஸலாவோட பழைய ஸ்டூடண்ட். அவ வந்து கேட்டா, "டீச்சர், நீங்க கம்ப்யூட்டரை வெச்சுண்டு தனியா படிக்கறீங்களே, எங்க பொண்ணுங்களுக்கு ஒரு நாள் வந்து காமிங்களேன். பாடப் புஸ்தகத்தை யாராவது படிச்சுக் காட்டினாத்தான் படிக்கலாம்னு நினைச்சுண்டிருக்குதுங்க"ன்னு. இன்னிக்கு சாயங்காலம்தான் அது. ஆட்டோ எடுத்துண்டு அந்த டீச்சரே வந்து இவளைக் கூட்டிண்டு போகப் போறா. வத்ஸலா ரிட்டையர் ஆனதுக்கு அப்புறம் கிளாஸுக்குள்ள போகப் போறது இன்னிக்குத்தான். பெட்டியிலேர்ந்து நல்ல புடவையா எடுத்து வெக்கச் சொன்னா. மாம்பழக் கலர்தானான்னு என்னை ரெண்டு தடவை கேட்டுண்டா. இப்போ அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிண்டு போய்ப் பொண்ணுங்க முன்னாடி வெச்சா அது என்ன பண்ணும்? ஊமையா ஒக்காந்திருக்கும். வேற யாராவது படிச்சுக் காட்டலாமேன்னு நீங்க கேக்கலாம். அதுக்கு இவ எதுக்குப் போகணும்? அதைத்தான் அதுங்க தெனமும் பண்ணிண்டிருக்குதுங்களே!

கோவிச்சுண்டான்னா நான் சமாளிச்சுடுவேன். கோவிச்சுக்கலை. கையை மடியில வெச்சுண்டு அந்த மிஷின் முன்னாடியே ஒக்காந்திருக்கா. நான் கிளம்பறச்சேயும் அப்படியேதான் ஒக்காந்திருந்தா.

ஏன் அப்கிரேட் பண்ணினேன்னா? நல்ல கேள்வி. நான் வெச்சிருக்கறது லினக்ஸ், ஊர் உலகத்து மனுஷா சேர்ந்து இனாமாப் பண்ணிக் குடுக்கற சிஸ்டம். அதுல மூணு தரம் உண்டு. உங்க மண்டிக் கணக்குல சொல்றேன், சட்டுனு புரியும். மரத்துலேர்ந்து வெட்டின தார் வந்து எறங்கறது இல்லையா, பச்சையா, அது ஒண்ணு. அதுல கை வெச்சா பால் ஒட்டும். பழுக்கறதுக்குன்னு ரூம்ல போட்டு மூடறேளே, அது ரெண்டாவது. அதுக்குத்தான் டெஸ்டிங்னு பேரு. அப்புறம் பழுத்து இலையில வெக்கறதுக்குத் தயாரா இருக்கறது மூணாவது. விவேகம் உள்ளவா எல்லாரும் அந்த மூணாவதைத்தான் வெச்சுப்பா. ஆனா அது பழசு சார். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாறும். நான் நடுவுல இருக்கறதை வெச்சுண்டிருக்கேன். எனக்கும் அதுதான், அவளுக்கும் அதுதான். ஏன்னா எதாவது குறை இருந்தா, திருத்தம் டெஸ்டிங்குக்குச் சீக்கிரம் வந்துடும். ஆனா அங்கே ஒரு சங்கடம். அழுகல்னு யாராவது ஒரு சீப்பைக் காமிச்சா, அந்த ரூம்லேர்ந்து அதைத் தூக்கி வெளியில போட்டுடுவா. திருத்திக் குடுத்தாத்தான் மறுபடி உள்ளே விடுவா. அப்படித்தான் இதையும் தூக்கிட்டா.

நான் ஒண்ணும் கண்ணை மூடிண்டு பண்ணலை. காலண்டரைப் பார்த்து, எமகண்டம் கழிச்சு, பெருமாளைச் சேவிச்சுட்டுத்தான் என்டரைத் தட்டினேன். அந்த விஷயத்துல ஒரு குறையும் யாரும் சொல்ல முடியாது. மிஷினும் கேட்டது. அதையும் சொல்லணும். குரலைப் பேச வெக்கற இன்ஜின் புதுசு வந்திருக்கு, பழைய தமிழ்க் குரல் அதோட ஒத்துவராது, புதுக் குரல் டெஸ்டிங்ல இல்லை, ஆகையால் இருக்கறதை எடுத்துடப் போறேன், சம்மதமான்னு கேட்டது. நான் படிச்சேன். முழுக்கப் படிச்சேன். ஆபீஸ்லயே ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பின்பக்கம் திருப்பிப் பார்க்கறவன் நான். படிச்சுட்டு, சம்மதம்னு அமுக்கினேன்.

ஏன் அமுக்கினேனா? அதுல ஒரு காரணம் இருக்கு. வரேன், வரேன். ஏன் இப்படிப் பறக்கறேள்? லாரியே இன்னும் நகரலை.

குறை என்னன்னா, நீளமான பாரா வந்தா அந்தக் குரல் பாதியில நின்னுடும். அவ்வளவுதான். சின்னச் சின்னதா இருந்தா படிச்சுடும். பேப்பர்ல தலையங்கம் மாதிரி நீட்டி முழக்கி எழுதியிருந்தா, பாதியில மூச்சு முட்டினாப்பல நின்னுடும். இவ மறுபடி கீயை அமுக்கணும். மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும். மறுபடி அதே எடத்துல நிக்கும். ஒரு நாள் வத்ஸலா ஹெட்ஃபோனைக் கழட்டி வெச்சுட்டு, "எனக்குப் பாதிக் கதை போதும், மீதியை நானே நினைச்சுக்கறேன்"ன்னா. எனக்கு வந்ததே கோவம்! இது ஒரு பேக்கேஜா? இதுக்கு ஒரு மெயின்டெய்னரா? மெயின்டெய்னர்னா பொறுப்பாளர். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒருத்தர் இருப்பார். சம்பளம் கிடையாது, பேரு மட்டும் போட்டிருக்கும். ஒடனே ஒக்காந்து புகார் எழுதினேன்.

ஆமா, புகார் குடுத்தது நான்தான். அதுல என்ன ஆச்சரியம்? குறை இருந்தா யூசர் எழுதத்தானே வேணும்?

எப்படி எழுதினேன்னா, நிறுத்தி நிதானமா எழுதினேன். "தங்கள் பொறுப்பிலுள்ள பேக்கேஜில் நீண்ட பத்திகள் பாதியில் நின்றுவிடுகின்றன. பார்வைக் குறைவுள்ளவர்களுக்கு இதனால் ஏற்படும் துன்பத்தை எண்ணிப் பார்க்கவும். தங்கள் அலட்சியம் வருந்தத்தக்கது. உடன் நடவடிக்கை எடுக்கத் தவறினால் மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டு செல்ல நேரிடும்." நன்னா இருக்கா? அதோட விடலை. திருத்தத்தையும் நானே எழுதி இணைச்சேன். ஒரு வரிதான் மாத்தணும். எடுத்து ஒட்டினா முடிஞ்சது. புகார்னா என்ன தரம்னு போடணும், விருப்பம், சாதாரணம், முக்கியம், கடுமைன்னு அடுக்கா இருக்கும். நான் கடுமைன்னு போட்டேன். வத்ஸலாவே பாதிக் கதை போதும்னுட்டா, அது கடுமை இல்லாம வேற என்ன?

கடுமைன்னு போட்டா ஒரு ரூல் உண்டு. குறிப்பிட்ட காலத்துக்குள்ள மெயின்டெய்னர் சரி பண்ணணும். இல்லேன்னா, சொன்னேனே, ரூம்லேர்ந்து சீப்பைத் தூக்கிடுவா. மெயின்டெய்னருக்கு எச்சரிக்கை மெயில் போகும். போச்சு. மறுபடி போச்சு. நானும் யூசர்ங்கற முறையில ஞாபகப்படுத்தி எழுதினேன். பதில் கிடையாது. ஒரு வரி? கிடையாது. தங்கள் கடிதம் கிடைத்தது, அதுவும் கிடையாது! காலம்பற அந்த மிஷின், "தமிழ்க் குரலை எடுத்துடவா"ன்னு கேட்டப்போ, உண்மையைச் சொல்றேன் பாலு, எனக்கு ஒரு நிமிஷம் திருப்தியா இருந்தது. பரவாயில்லையே, நம்ம புகார் மேல நடவடிக்கை எடுத்துட்டாளேன்னு இருந்தது. அந்த ஜோருல அமுக்கிட்டேன். குரல் நம்மாத்துலேர்ந்தும்தான் போகும்னு அந்த நிமிஷத்துல தோணலை.

சிரிக்கறேளா? இல்லை? இருமலா. சரி.

எங்கே எழுந்துட்டேள்? படிக்கட்டுல போய் நின்னா மட்டும் பஸ் கிளம்பிடுமா? ஒக்காருங்கோ. வெளியில பார்த்தா கண்ணு கூசறது, அவ்வளவு வெயில். காவேரியில தண்ணி கூட ஓரமாத்தான் ஓடறது.

பழைய குரலையே திரும்பப் போட்டுடலாமேன்னு கேக்கறேளா? மண்டியில இருந்தாலும் கெட்டிக்காரர்தான் நீங்க. முடியாது. இன்ஜின் மாறிடுத்து, அதோட ஒட்டாது. மெயின்டெய்னர் ஒக்காந்து, அந்த ஒரு வரியை மாத்தி, புது இன்ஜினுக்குத் தகுந்தாப்பல கட்டிக் குடுக்கணும். குடுத்தா, ஊர்ல மத்தவாளுக்கெல்லாம் போறது மெதுவாப் போகட்டும், அவ மிஷின்ல இன்னிக்கே போட்டுடலாம். காபி ஆறறதுக்குள்ள முடியற வேலை. ஆனா மெயின்டெய்னர் பண்ணணுமே!

ஆனா ஒண்ணு. நியாயம்னா ரெண்டு பக்கமும் பாக்கணும். அந்த மனுஷரைச் சும்மா சும்மா திட்டறதுல அர்த்தம் இல்லை. அவர் என்ன கல்நெஞ்சக்காரரா? யோசிச்சுப் பாருங்கோ. காலம்பற எழுந்து ஸ்நானம் பண்ணி, திருமண் இட்டுண்டு, கையில காபியோட வந்து ஒக்கார்றார். தம்பிடி பிரயோஜனம் இல்லாத வேலை, ஊருக்கு உபகாரமா இருக்கட்டுமேன்னு பண்றார். மெயிலைத் திறக்கறார். மொதல் மெயிலே, "தங்கள் அலட்சியம் வருந்தத்தக்கது." எப்படி இருக்கும்? சொல்லுங்கோ. அலட்சியமா? யாரு அலட்சியம்? மேலிடத்துக்குக் கொண்டு போவானாம்! கொண்டு போயேன்! அந்தக் காபி தொண்டையில எறங்கலை சார். அப்படியே ஆறிப்போச்சு.

...என்ன கேட்டேள்?

அவர் காபி ஆறினது எனக்கெப்படித் தெரியும்னா? வத்ஸலாதானே போட்டுக் குடுத்தா. ஆறின காபியை உள்ளே கொண்டு வெக்கறேளேன்னு கேக்கவும் கேட்டா.

ஏன் இப்படிப் பாக்கறேள்? ஆமா. மெயின்டெய்னர் நான்தான். நான் சொல்லலையா? சொன்னேன்னு நினைச்சேன்.

இல்ல, இல்ல, நீங்க தப்பாப் புரிஞ்சுண்டிருக்கேள். இதுல ஒரு குழப்பமும் இல்லை. யூசர் வேற, மெயின்டெய்னர் வேற. ஆபீஸ்ல எனக்கு ஒரு சமயம் கம்ப்யூட்டர் செக்‌ஷனோட ஸ்டோர்ஸும் கூடுதல் பொறுப்பாக் குடுத்திருந்தா. கம்ப்யூட்டர் செக்‌ஷனுக்கு மவுஸ் வேணும்னா, நான்தான் ஸ்டோர்ஸுக்கு லெட்டர் எழுதுவேன். அப்புறம் மாடி ஏறிப் போய், ஸ்டோர்ஸ் நாற்காலியில ஒக்காந்து, அந்த லெட்டரைப் பிரிச்சுப் படிப்பேன். கையிருப்பு இல்லைன்னு பதில் எழுதுவேன். கீழே வந்து அதைப் படிச்சுட்டு எனக்கு எரிச்சலா வரும். இப்படிப் பண்ணினாத்தான் சார் முறை! நீங்களே எழுதி நீங்களே எடுத்துண்டா அதுக்குப் பேர் என்ன? நாளைக்கு ஆடிட்டுல கேட்டா என்ன பதில் சொல்றது? எங்க செக்‌ஷன்ல எல்லாருக்கும் தெரியும், என்கிட்ட மரியாதையா எழுதாத பேப்பர் நகராது. திருப்பி அனுப்ப மாட்டேன். கோவிச்சுக்க மாட்டேன். கீழே போட்டு வெச்சுடுவேன். கொஞ்ச நாள் தூங்கட்டும்னு விட்டுடுவேன். எழுதினவன் தானா வந்து, சார், நான் அப்படி எழுதியிருக்கக் கூடாதுன்னு நிப்பான். அன்னிக்கே கையெழுத்துப் போட்டுக் குடுப்பேன். இந்த விஷயத்துல எழுதினவன் வரவே இல்லை. அவனுக்கு வீம்பு. திருத்தம் வரைக்கும் இணைச்சுக் குடுத்திருக்கேன், இதுக்கு மேல நான் எதுக்குப் போய் நிக்கணும்னு அவனுக்கு. அதுவும் நியாயம்தானே? ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு, அதான் சிக்கல்.

அதான் கைலாசபுரம் போனேன். நஜீமான்னு எங்க செக்‌ஷன்ல எனக்கு அடுத்தாப்பல இருந்தவா. வீட்டுக்காரர் ஃபாக்டரியில இருக்கார், அங்கேதான் குவார்ட்டர்ஸ். அவாளுக்கு இதெல்லாம் அத்துப்படி. நீங்க மூணாவது மனுஷி, ரெண்டு தரப்பையும் கேட்டு ஒரு முடிவு சொல்லுங்கோன்னு கேட்டேன். அவா டீ குடுத்தா. முழுக்கக் கேட்டா. கேட்டுட்டுச் சிரிச்சா பாருங்கோ, உள்ளேர்ந்து அவா வீட்டுக்காரர் என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டார். "சார், இங்க வந்துட்டுப் போற நேரத்துல நீங்க இதை நாலு தடவை சரி பண்ணிருக்கலாமே. மேடம் பாவம் சார்"ன்னா. மேடம் பாவம்னு எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதாங்கறேன்!

அந்தப் பேக்கேஜை நான் எதுக்கு எடுத்துண்டேன்னு நினைக்கறேள்? பெருமைக்கா? கண் டாக்டர்கிட்டேர்ந்து வந்தோம். இனிமே போனது போனதுதான், இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்னுட்டார். ஆத்துக்கு வந்து செருப்பைக் கழட்டினவ, "நான் புஸ்தகம் படிக்காம எப்படின்னா இருப்பேன்"ன்னா. அன்னிக்குத்தான் தேடினேன். தமிழ்ல படிக்கற குரல் ஒண்ணு இருந்தது. பொறுப்பாளர் யாரும் இல்லை, கேப்பாரற்றுக் கிடக்குன்னு போட்டிருந்தது. நான் எழுதிக் குடுத்தேன், நான் பாத்துக்கறேன்னு. அதுல எனக்கு அரைகுறையாத்தான் தெரியும். கத்துண்டேன். மொதல் தடவை அது பேசினப்போ இவ அழுதா. நானும் அழுதேன், அது அவளுக்குத் தெரியாது. அந்த மனுஷனைப் போய் அலட்சியம்னா எழுதறது? எந்தக் கையால எழுதினான்னு கேக்கறேன்!

...ஆமா, என் கையாலதான். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லணுமா?

வத்ஸலாவுக்குத் தெரியுமான்னா, மெயின்டெய்னர் நான்னு தெரியும். புகார் குடுத்ததும் நான்தான்னு தெரியும். காலம்பற எல்லாத்தையும் சொன்னேனே. மெயின்டெய்னர் பதில் போடலை, நான் என்ன பண்ணட்டும்னேன். "அவரைப் பார்த்தா, நான் கேட்டேன்னு சொல்லுங்கோ"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. ஒரு வார்த்தை கூடக் கடிஞ்சுக்கலை. அதான் எனக்குத் தாங்கலை. திட்டியிருந்தா நான் பாட்டுக்குப் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிட்டு நிம்மதியா இருந்திருப்பேன்.

இருங்கோ. ஃபோன். அவதான்.

ஹலோ. சொல்லு வத்ஸலா... பஸ்ல. பாலத்துல நிக்கறது. லாரி ஒண்ணு... இல்லை, நஜீமா ஒண்ணும் முடிவு சொல்லலை. டீதான் குடுத்தா... யாரு? லூர்துராணி வந்துட்டாளா? இப்பவேவா? சாயங்காலம்னு சொன்னா... ஓ. பொண்ணுங்க மத்தியானத்துலேர்ந்தே ஹால்ல வந்து ஒக்காந்துடுத்துங்களாமா... ம்... ம்... புடவை கட்டிண்டுட்டியா? யாரு மடிப்பு வெச்சு விட்டா... ம்... என்ன? யார்கிட்ட பேசணும்?

பாலு, கொஞ்சம் இருங்கோ. மெயின்டெய்னர்கிட்டப் பேசணும்கறா.

...ஏன், என்கிட்டச் சொல்லேன், நான் சொல்லிக்கறேன்... என்கிட்ட இல்லையா... அவர்கிட்டத்தானா... இல்லை, கோவிச்சுக்கலை. எதுக்குக் கோவிச்சுக்கணும்... இருக்கார், வத்ஸலா. இங்கேதான் பக்கத்துலயே இருக்கார். இரு. குடுக்கறேன்.

...

நமஸ்காரம்மா. ஆமா, மெயின்டெய்னர்தான் பேசறேன். சொல்லுங்கோ.

...ம்.

...கேட்டுண்டிருக்கேன்மா. பஸ்ல சத்தம், அதான்.

...ஆமாம்மா. அவர் புகார் கிடைச்சுது. அன்னிக்கே படிச்சேன்.

...இல்லைம்மா, அப்படியெல்லாம் இல்லை. உங்க ஆத்துக்காரர் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை. அவர் உங்களுக்காகத்தானே எழுதினார். எழுதத் தெரியலை, அவ்வளவுதான்.

...மன்னிப்பெல்லாம் நீங்க கேக்காதீங்கோ. நீங்க எதுக்கும்மா கேக்கறேள்? அப்படிச் சொல்லாதீங்கோ.

...ஆகும்மா. ஒரு வரிதான். அந்தத் திருத்தமே போதும். டீச்சரைக் கொஞ்சம் ஒக்காரச் சொல்லுங்கோ, காபி குடுங்கோ. நீங்களும் சாப்பிடுங்கோ. பொண்ணுங்க முன்னாடி நன்னாப் பேசும். நான் பாத்துக்கறேன்.

...சரிம்மா. வெச்சுடறேன்.

கண்டக்டர்! கண்டக்டர், நான் இங்கேயே எறங்கிக்கறேன்பா! நடுப்பாலமா இருந்தா என்ன, நடந்துடறேன், பாலம் தாண்டினா மாம்பழச்சாலை, அதோ தெரியறது. பாலு, காலை எடுங்கோ, நகருங்கோ, வழி விடுங்கோ. என்ன மனுஷன் சார் நீங்க, அங்கே அவ காத்திண்டிருக்கா, இவ்வளவு நேரம் என்னைப் பேச்சுல பிடிச்சு வெச்சுட்டேளே!